மருந்து டப்பா

மாகறலில் தாயாரம்மாள் கைக்குப் போன துணி லேசில் சாகாது என்று பேர். புடவை நடுவில் நைந்தால் நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, கெட்டியாக இருக்கிற ஓரங்கள் நடுவுக்கு வரும்படி மூட்டி, இன்னும் ஒரு வருஷம் கட்டுவாள். அதற்கப்புறம் அது பாவாடை. பாவாடை இற்றுப்போனால் யாராவது ஒரு குழந்தைக்குத் தூளிகட்ட ஏணை. ஏணைக்கும் தாங்காது என்று ஆனபின் நாலைந்தை அடுக்கித் தைத்தால் படுக்கை விரிப்பு. அது கந்தலானால் அடுப்படியில் கரித்துணி. கரித்துணியும் நூல் நூலாகப் பிரிந்தால் மாடத்து விளக்குக்குத் திரி. எரிந்து சாம்பலான பிறகுதான் அந்தப் புடவை அவளிடமிருந்து தப்பிக்கும்.

சாமான்களும் அப்படித்தான். தகரக் குடம் ஒழுகினால் துணியில் தார் தேய்த்து உள்ளேயிருந்து அடைப்பாள். முறத்தின் இடுக்கு விட்டுப்போனால் காகிதத்தை ஊறவைத்து வெந்தயத்தோடு அரைத்து மெழுகுவாள். மண் சட்டியில் விரிசல் என்றால் சுண்ணாம்பும் வெல்லமும். கிழிந்த சைக்கிள் ட்யூபை வார் வாராக அறுத்து மூட்டை கட்டுவாள். எல்லாவற்றுக்கும் மேலே புளியங்கொட்டைப் பசை. கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, ஊறவைத்து, அரைத்துக் காய்ச்சி அவள் ஒட்டிவைத்ததை ஒட்டினவளே நினைத்தாலும் பிரிக்க முடியாது. பக்கத்து வீட்டு அம்முலு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்: "யக்கா, உன் வாய்க்கு ஒருநாளு அந்தப் பசைய தடவி வெச்சா மாமா நிம்மதியா இருப்பாரு."

அவள் பிறந்தது உத்திரமேரூர்ப் பக்கம். சடையப்பனுக்குப் பிறந்த ஏழில் நாலாவது. மேலே மூன்று அக்காள்மார் கட்டிக் கழித்த பாவாடையைத்தான் பெரியவளாகும் வரைக்கும் அவள் கட்டினாள். வாழ்க்கைப்பட்ட இடத்திலும் புருஷன் வீராசாமிக்குச் செய்யாற்றங்கரையில் ஒரே ஏக்கர். அதிலும் கரையோரத்தை ஒரு வெள்ளத்தில் ஆறு தின்றுவிட்டது. கஞ்சிக்குக் குறைவில்லை, புதுசாக ஒன்று வாங்கத்தான் கையில் ஒன்றும் நிற்காது. ஆகவே பழசைச் சாகவிடாமல் பார்த்துக்கொண்டாள். அவ்வளவுதான் விஷயம். அவள் அதை ஒரு சாமர்த்தியம் என்று நினைத்ததே இல்லை.

அந்த ஊரில் அவளுக்கு டப்பா கொடுக்கிறவள் பாக்கியமேரி. அடுத்த தெருக்காரி. ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. காலியான குளுக்கோஸ் டப்பா, பால்பவுடர் டப்பா, பஞ்சு வந்த பெட்டி எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டெடுத்துக் கொண்டுவந்து தருவாள். பதிலுக்குத் தாயாரம்மாள் அவளுடைய வெள்ளைப் புடவைகளுக்கு ஒட்டுப் போட்டுக் கொடுப்பாள். தாயாரம்மாள் வீட்டுப் பலகையில் உப்பு, மிளகாய்த்தூள், கடுகு எல்லாம் அந்த டப்பாக்களில்தான். அந்த வீட்டில் அவற்றுக்கு 'மருந்து டப்பா' என்று பேர். பத்து வருஷமாக அப்படியே சொல்லிப் பழக்கம்.

மகள் மங்கம்மாளைத் திருமுக்கூடலில் கொடுத்திருந்தார்கள். தலைச்சன் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்து, ஐந்தாம் மாதம் குழந்தையோடு திரும்பினாள். பெண் குழந்தை. இப்போது ஏழு மாதம். பால் போதவில்லை, கஞ்சி பழக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, வறுத்து, அரைத்து, மெல்லிய வேட்டித் துணியில் சலித்து மாவாக அனுப்புவது தாயாரம்மாள் வேலை. முதல் தடவை ஒட்டுப்போட்ட மண் சட்டியில் கட்டி எடுத்துப்போனாள். சம்பந்தி ராணியம்மாள் அந்தச் சட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தண்ணீருக்கு வந்த பெண்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள்.

"இன்னா சம்மந்தி, உங்க வூட்ல சட்டியும் ஒட்டு, மொறமும் ஒட்டு. பொண்ணையாவது முழுசா குடுத்தீங்களா, இல்ல அதுலயும் எங்கனா அடச்சிகீதா?"

எல்லாரும் சிரித்தார்கள். தாயாரம்மாளும் சிரித்தாள். மங்கம்மாள் மட்டும் சிரிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிந்த தலை தாயாரம்மாள் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. அடுத்த தடவை பளபளவென்று ஒன்றில்தான் கொண்டுபோக வேண்டும் என்று தீர்மானம் பண்ணிக்கொண்டாள்.

அது மாசி மாதம். கழனி எல்லாம் ஐ.ஆர். இருபது நெல் பால் பிடித்து நின்ற நேரம். ஒருநாள் மத்தியானம் தாயாரம்மாள் ஆற்று மணல் ஊற்றில் துணி துவைத்துக்கொண்டு வந்தபோது அம்முலு வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூவினாள்:

"யக்கா, மருந்து டப்பா ஒண்ணு வந்துகீது. தொட்டி பக்கத்துல வெச்சிகீறேன் பாரு."

பார்த்தாள். பார்த்ததும் மனசு குளிர்ந்துபோயிற்று. இரண்டு படி மாவு பிடிக்கும். வெளியே வெள்ளிபோல் மினுக்கம், உள்ளே பித்தளைபோல் மஞ்சள் மினுக்கம். ஒரு சொட்டைகூட இல்லை. காகிதம் ஒட்டியிருந்தது, அதில் பாதி நனைந்து கிழிந்து போயிருந்தது. மீதிப் பாதியில் இங்கிலீஷ் எழுத்தும், அடியில் தலைகீழாக ஒரு சிவப்பு முக்கோணமும். தாயாரம்மாளுக்கு எழுத்துத் தெரியாது, முக்கோணம் தெரியும். ஆஸ்பத்திரிச் சுவரில் இருக்கும், பஸ்ஸின் முதுகில் இருக்கும். இரண்டு பிள்ளை போதும் என்று சொல்லுகிற சர்க்கார் முக்கோணம். மேரி நல்லதாகத்தான் கொடுத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

உள்ளே விளிம்புச் சந்தில் வெள்ளையாகக் கொஞ்சம் பொடி ஒட்டிக்கொண்டிருந்தது. துவைக்கிற கல்லில் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினாள். ஒரு நெடி வந்தது. ஆஸ்பத்திரி என்றால் நெடி இல்லாமலா? சாம்பலும் புளியும் போட்டு ஒருமுறை, மணல் போட்டு ஒருமுறை, மறுபடி சாம்பலும் புளியுமாக ஒருமுறை தேய்த்தாள். காகிதம் உரிந்து வந்துவிட்டது. வெயிலில் காயவைத்து எடுத்தபோது கடையில் வாங்கின மாதிரி இருந்தது.

மாவை நிரப்பினாள். மூடி மட்டும் சற்று லூஸ். பஸ் ஆட்டத்தில் கழன்றால் மாவு முழுக்கப் போய்விடும். ஒட்டுப் போட்டால் ராணியம்மாள் கண்ணில் படும். யோசித்து யோசித்து, மங்கம்மாள் சின்னப்பெண்ணாக இருந்தபோது கட்டிய பட்டுப் பாவாடையின் அரக்குக் கரையை அறுத்தெடுத்து, பசையில் தோய்த்து, மூடியைச் சுற்றி மூன்று சுற்றுச் சுற்றினாள். காய்ந்தபின் பார்த்தால் ஒட்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அலங்காரம் என்றுதான் சொல்வார்கள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் வீராசாமி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு போனான். கொடுத்துவிட்டு, அப்படியே வாலாஜாபாத்தில் ஏருக்குக் கொழு வாங்கிக்கொண்டு சாயந்திரம் வருவதாகப் பேச்சு.

அவன் போனபின் கோழிக் கூடையைத் தூக்கிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள். கூழ் ஒரு கொதி வந்திருக்கும். அம்முலு குரல் கேட்டது.

"யக்கோவ்! இன்னாக்கா இது, கோழிங்க எல்லாம் மல்லாந்துகினு கீது!"

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மூன்று கோழிகள். இரண்டு அடங்கிவிட்டன. மூன்றாவது, முட்டையிடுகிற சாம்பல் கோழி, கழுத்தை முதுகுப்பக்கம் முறுக்கிக்கொண்டு ஒரே இடத்தில் சக்கரம்போல் சுற்றியது. அலகில் நுரை.

"வெள்ளக் கழிச்சல் சீக்குதான்," என்றாள் அம்முலு. "சீக்கிரம் கத்திய எடு. உசுரு இருக்கசொல்லவே அறுத்துட்டா கொழம்புக்கு ஆவும். உனக்குத்தான் எதுவும் வீணாவக் கூடாதே."

தாயாரம்மாள் கத்தியை எடுக்கப் போகவில்லை. அந்த நுரையை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன் கீழத்தெரு சின்னராசு, கழனிக்குப் பூச்சி மருந்து கலக்கின பானையைக் கழுவி மாட்டுக்குத் தண்ணீர் காட்டினான். ஜோடி எருது. ஒரு நாழிகைக்குள் இரண்டும் கீழே விழுந்து காலை உதைத்துக்கொண்டன. ஊரே நின்று பார்த்தது. வாயில் இதே நுரை, இதே முறுக்கு.

கோழிகள் கிளறியிருந்த இடத்தைப் பார்த்தாள். நேற்று டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிய இடம் அது.

"அம்முலு." தாயாரம்மாள் அந்த மண்ணையே பார்த்தபடி கேட்டாள். "நேத்து அந்த டப்பாவ யாரு குடுத்தது? மேரிதானே?"

"மேரி எங்க வந்துச்சு? அது தங்கச்சி கல்யாணத்துக்குப் போயி நாலு நாளாவுது. பஞ்சாட்சரண்ணன் குடுத்துட்டுப் போனாரு. தாயாரு டப்பா கேட்டுகினே இருக்கும், இந்த மருந்து டப்பாவ குடுத்துடுன்னாரு. நான் சொன்னேனே, மருந்து டப்பான்னு?"

பஞ்சாட்சரம் பெரிய வீட்டுக் கழனிகளைப் பார்த்துக்கொள்கிற ஆள். மருந்தடிப்பது அவன் வேலை.

தாயாரம்மாளுக்குக் காதுக்குள் வண்டு ரீங்கரிப்பதுபோல் இருந்தது. "மருந்து டப்பான்னுதான் சொன்னே," என்றாள். "அம்முலு, உன் கால்ல வுழறேன். இந்தக் கோழிங்கள அறுக்காத. மண்வெட்டி எடுத்து ஆழமாத் தோண்டிப் பொதச்சிடு. இந்த எடத்து மண்ணையும் வாரிப் போடு. கையால தொடாத."

"இன்னாக்கா, யாக்கா?"

பதில் சொல்ல அவள் அங்கே இல்லை.

பெரிய வீட்டுப் பம்புசெட் கொட்டகையில் பஞ்சாட்சரம் பழையது சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஓடிவந்தவளைப் பார்த்து, "வா தாயாரு, டப்பா ஒஸ்தியா கீதா?" என்று சிரித்தான்.

"இன்னா மருந்துண்ணா அது?"

"இன்னா மருந்தா? பூச்சி மருந்துதான். கழனிக்காரன் வேற இன்னா மருந்து குடுப்பான், இருமல் மருந்தா?"

மூலையில் அதே மாதிரி டப்பா இன்னும் ஒன்று இருந்தது. அவள் அதைத் தூக்கினாள். இதில் காகிதம் கிழியாமல் இருந்தது. கீழே அதே தலைகீழ்ச் சிவப்பு முக்கோணம். அதன் மேலே இன்னொரு முக்கோணம். அதில் ஒரு மண்டை ஓடு, குறுக்கே இரண்டு எலும்பு. அவளுக்கு வந்த காகிதத்தில் இந்தப் பாதிதான் கிழிந்து போயிருந்தது. எழுத்துத் தெரியாதவர்களுக்காகத்தான் அந்தப் படத்தைப் போட்டிருக்கிறார்கள் என்பது அந்த நிமிஷம் அவளுக்குப் புரிந்தது.

"கொழந்தைக்கு மாவு போட்டு அனுப்பிட்டேண்ணா," என்றாள்.

பஞ்சாட்சரம் கையிலிருந்த உருண்டை சட்டிக்குள் விழுந்தது. "அடிப்பாவி! நான் சாணி கரைக்க, செடிக்குத் தண்ணி மோக்கன்னு குடுத்தேன். துன்ற சாமானா போடுவாங்க அதுல?" சொல்லிவிட்டு அவனுக்கே முகம் வெளிறிவிட்டது. சொல்லாமல் கொடுத்தது அவன்தானே. "எந்த ஊரு? முக்கூடலா? அடுத்த பஸ்சு பதினோரு மணிக்குத்தான். சைக்கிள எடுக்கறேன். ஆனா எனக்கு உன் சம்மந்தி வூடு தெரியாதே."

"நானும் வர்றேன்."

ஐம்பதை நெருங்குகிற பெண்பிள்ளை அடுத்தவன் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போவதை மாகறல் அன்றுதான் பார்த்தது. பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ, அதை நினைத்துப் பார்க்க அவளுக்கு மனசில் இடம் இல்லை. கரையோரமாக வண்டித்தடம். இடது பக்கம் வெறும் மணலாகச் செய்யாறு. ஏழெட்டு மைல்.

அவளுக்கு ஒரே கணக்குத்தான். வீராசாமி எட்டரைக்குப் போய்ச் சேர்ந்திருப்பான். மங்கம்மாள் டப்பாவைப் பார்த்ததும் சந்தோஷப்படுவாள். அம்மா இந்தத் தடவை நல்லதாக அனுப்பியிருக்கிறாள் என்று மாமியாருக்கு எடுத்துக் காட்டுவாள். உடனே திறப்பாள். குழந்தை பத்து மணிக்குக் கஞ்சி குடிக்கும். கேழ்வரகு மாவு கரைத்து ஒரு கொதி, ஆற்றி, மூக்குப் பாலாடையில் ஊற்றி... அதற்கு மேல் அவள் மனசு போகவில்லை. போகாமல் அங்கேயே முட்டிக்கொண்டு நின்றது. எருது இருந்த இருப்புக்கு ஒரு நாழிகை. கோழிக்கு ஒரு கொதி நேரம். குழந்தைக்கு?

"மூணு தபா தேச்சேண்ணா," என்றாள் அவன் முதுகைப் பார்த்து. "சாம்பலும் புளியும் போட்டு. மணலு போட்டு. போயிடும் இல்ல?"

பஞ்சாட்சரம் பெடலை இன்னும் வேகமாக மிதித்தான். அந்த வேகமே பதில்.

பாதிக்கு மேல் வந்திருப்பார்கள். பின் சக்கரம் உஸ்ஸென்றது. கருவேல முள். பஞ்சாட்சரம் இறங்கி, கண்ணில் தண்ணீர் வர, சுற்றுமுற்றும் பார்த்தான்.

"செத்த இரு தாயாரு. அதோ வக்கப்போரு கீது. டயருக்குள்ள வக்கல திணிச்சு, துணியால இஸ்து கட்டிட்டா ஓடும். நீதானே அன்னிக்குச் சொல்லிக் குடுத்த? உன் கை பட்டா ஒரு நிமிஷம்."

அவளுடைய கை ஒரு நிமிஷத்தில் செய்துவிடும் என்பது உண்மைதான். எத்தனை பிரி வைக்கோல், எந்த இடத்தில் முடிச்சு என்பதெல்லாம் கைக்கே தெரியும். அந்தச் சக்கரத்தை அவள் பார்த்தாள். உடைந்த ஒன்றைப் பார்த்த பிறகு அதை அப்படியே விட்டுவிட்டுப் போனது அவள் ஆயுசில் அதுதான் முதல் தடவை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட ஆரம்பித்தாள்.

ஓடினாள், மூச்சு அடைத்தபோது நடந்தாள், மறுபடி ஓடினாள். எதிரே மாடு ஓட்டி வந்த ஒருத்தி, "இன்னாமே, எங்கனா சாவா?" என்று கேட்டாள். அந்த வார்த்தை காதில் விழக் கூடாது என்பதுபோல் தாயாரம்மாள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு ஓடினாள். ஆறுகள் கூடுகிற இடத்தில் பெருமாள் கோயில் மதில் தெரிந்தது. ஊரை நெருங்க நெருங்க அவள் கேட்டுக்கொண்டே போனாள். ஒப்பாரி ஏதாவது கேட்கிறதா? கேட்கவில்லை. கேட்காததும் பயமாக இருந்தது.

சம்பந்தி வீட்டு வாசல் திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. அடுப்படியிலிருந்து புகை. நடு உத்தரத்தில் ஏணை தொங்கியது. மங்கம்மாள் மாதமாக இருந்தபோது அவள் தன் மூன்று பழம்புடவையை ஒன்றாக மூட்டித் தைத்துக் கொடுத்த ஏணை. அது ஆடவில்லை. ஆடாத ஏணைக்குப் பக்கத்தில், தரையில், காலிப் பாலாடை. அதன் மூக்கில் கேழ்வரகுக் கஞ்சி காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டிருந்தது.

தாயாரம்மாள் நாலு அடி தூரத்தில் நின்றுவிட்டாள். ஏழெட்டு மைல் வந்த கால் அந்த நாலு அடியைத் தாண்ட மாட்டேன் என்றது. ஏணைத் துணியில் தான் போட்ட தையல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். துணி லேசாகப் புடைக்கிறதா, அடங்குகிறதா? கண்ணில் வேர்வை இறங்கி ஒன்றும் தெரியவில்லை.

"யம்மா! நீ எங்க இங்க? நைனா இப்பதானே வந்துட்டுப் போச்சு?" மங்கம்மாள் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"கொழந்தை..."

"கஞ்சி குடிச்சிட்டு இப்பத்தான் தூங்குது. எழுப்பிடாத."

"இன்னா கஞ்சி?" அது பேச்சாக வரவில்லை, கத்தலாக வந்தது. "எந்த மாவுடி? சொல்லுடி!"

மங்கம்மாள் மிரண்டு போனாள். "பழைய மாவு ரெண்டு கரண்டி கெடந்துச்சு, அதத்தான் கரச்சேன். நீ அனுப்பிச்ச டப்பாவத்தான் தொறக்கவே முடியலியே! பட்டுக் கரைய போட்டு அப்படி ஒட்டி வெச்சிகீறே. நைனாவும் இஸ்துப் பாத்துது, நானும் பாத்தேன், நகம்தான் பேந்துது. அத்தைதான் பேஜாரா கீதுன்னு அருவாள எடுத்துக்கினு பின்னால போயி நெம்பிக்கினு..."

மீதியைத் தாயாரம்மாள் கேட்கவில்லை. ஏணைக்குள் ஒரே ஒரு பார்வை. குழந்தையின் வயிறு ஏறி இறங்கியது. அதைப் பார்த்ததும் அவள் பின்கட்டுக்குப் பாய்ந்தாள்.

ராணியம்மாள் மாட்டுக் கொட்டகைக்கு முன்னால் குந்தியிருந்தாள். டப்பாவை இரண்டு பாதத்துக்கும் நடுவே இடுக்கி, அருவாள் மூக்கால் பட்டுக் கரையைக் கிழித்து, மூடியை நெம்பிக்கொண்டிருந்தாள். இவள் வாசல்படியைத் தாண்டவும் மூடி 'டப்' என்று எகிறவும் சரியாக இருந்தது. மாவு புகையாகக் கிளம்பியது. ராணியம்மாள் இரண்டு விரலை உள்ளே விட்டு ஒரு சிட்டிகை எடுத்தாள், ருசி பார்க்க.

தாயாரம்மாள் சம்பந்தியின் கையில் அடித்தாள். அடித்த அடியில் அருவாள் ஒரு பக்கம் போயிற்று. டப்பா உருண்டு மாவு முழுக்கத் தரையில் கொட்டியது.

"அடியே! இன்னாடி இது, பேய் புடிச்சிகீதா உனக்கு?" ராணியம்மாள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அலறினாள். "என் வூட்டுக்கே வந்து என்னையே..."

அதற்குள் கோழிகள் ஓடிவந்தன. மாவு கொட்டினால் கோழிக்குச் சொல்லவா வேண்டும்? ஏழெட்டு உருப்படி, குஞ்சுகள் வேறு. தாயாரம்மாள் யோசிக்கவில்லை. அப்படியே மாவின்மேல் விழுந்து, முந்தானையை விரித்து, கையையும் காலையும் பரப்பி மூடிக்கொண்டாள். "வெரட்டுங்க! வெரட்டுங்க! மருந்து! பூச்சி மருந்து!"

கோழிகளைக் கொட்டகையில் அடைத்தபின்தான் அவள் எழுந்தாள். பஞ்சாட்சரமும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அப்போதுதான் வந்து சேர்ந்தான். விஷயத்தை அவன்தான் சொன்னான். ராணியம்மாள் கேட்டுக்கொண்டே தன் இரண்டு விரலையும் உற்றுப் பார்த்தாள். அந்த விரலை உடம்பிலிருந்து தள்ளி, அந்நியர் விரல்போல் நீட்டிப் பிடித்தாள்.

"வாயில வெச்சீங்களா சம்மந்தி?" தாயாரம்மாள் அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லுங்க, வெச்சீங்களா?"

"இல்ல." ராணியம்மாள் மறுபடியும் விரலைப் பார்த்தாள். "இல்லன்னுதான் நெனைக்கிறேன். நெனைக்கிறேன்மே... மோந்துதான் பாத்தேன்." பிறகு, "மங்கா, எனக்குக் கை கால்லாம் சில்லுன்னு வருதே, இது அதுவா, இல்ல பயமா?" என்றாள்.

சோப்புப் போட்டுக் கையைக் கழுவவைத்து, வாய் கொப்பளிக்கவைத்து, உச்சி சாயும் வரைக்கும் மூன்று பேரும் ராணியம்மாள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று பஞ்சாட்சரம் எங்கேயோ ஒரு கட்டை வண்டியைக்கூடப் பூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். அவள் எச்சில் விழுங்கினாலும் பயம், விழுங்காவிட்டாலும் பயம். ஒரு ஏப்பம் விட்டாள், மங்கம்மாள் அழுதுவிட்டாள். கடைசியில் ராணியம்மாளே, "எனக்குப் பசிக்குதுமே," என்றாள். அப்போதுதான் அந்த வீட்டில் மூச்சு வந்தது.

"நான் பளபளன்னு இருக்கட்டுமேன்னு பாத்தேன்," என்றாள் தாயாரம்மாள் தரையைப் பார்த்துக்கொண்டே.

ராணியம்மாள் அதைக் காதில் வாங்காததுபோல் எழுந்து உள்ளே போனாள். வரும்போது ஒரு கையில் அந்தப் பழைய ஒட்டுச் சட்டி, இன்னொரு கையில் தன்னுடைய சுங்கிடிப் புடவை ஒன்று. சட்டியை வைத்தாள். "இனிமே இதுலயே அனுப்பு. இதக் கட்டிக்க. உன் மேல பூரா மாவு கீது."

கொட்டகைக்குப் பின்னால் பஞ்சாட்சரம் இடுப்பளவு குழி தோண்டினான். மாவை அடிமண்ணோடு வாரிப் போட்டான். தாயாரம்மாள் மாற்றிக்கொண்டு வந்து தன் புடவையைக் குழியில் போட்டாள். போன பொங்கலுக்கு எடுத்தது, இன்னும் நடு நையக்கூட இல்லை. பாவாடையாகவும் ஏணையாகவும் விரிப்பாகவும் ஆகியிருக்க வேண்டியது. அது மண்ணில் சுருண்டு கிடந்ததை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

பஞ்சாட்சரம் கடப்பாரையால் டப்பாவின் அடியில் ஓங்கிக் குத்தினான். ஐந்து ஓட்டை. "ஆச்சு தாயாரு. இனிமே இதுல யாரு இன்னாத்த வெக்க முடியும்?"

அவள் டப்பாவை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். விரல் பருமன் ஓட்டைகள். ஒரு துண்டுத் துணி, கொஞ்சம் தார், ஒருநாள் வெயில். அவளே அடைத்துவிடுவாள். எந்த ஊரிலோ, எந்தக் குப்பை மேட்டிலோ, அவளைப்போல் ஒருத்தி இதை எடுத்து, சொட்டை இல்லை, பளபளவென்று இருக்கிறது என்று மகிழ்ந்துபோவாள்.

"பத்தாதுண்ணா," என்றாள்.

பாறாங்கல்லைத் தூக்கி அடித்தாள். டப்பா நசுங்கி, விளிம்பு பிளந்து, தகடாகி, அந்தத் தகடும் மடிந்து உருக்குலையும் வரைக்கும் அடித்துக்கொண்டே இருந்தாள். குழியில் போட்டு மண் தள்ளி, மேலே முள்ளை வெட்டிப் பரப்பினாள்.

பிறகு கிணற்றடிக்குப் போய்க் கையைக் கழுவினாள். சாம்பலும் புளியும் போட்டு ஒருமுறை. மணல் போட்டு ஒருமுறை. மறுபடி சாம்பலும் புளியும்.

உள்ளே குழந்தை விழித்துக்கொண்டு ஏணையிலிருந்து காலை நீட்டி உதைத்தது. பாட்டியைப் பார்த்துப் பல்லில்லாத வாயைத் திறந்து சிரித்தது. "தூக்கும்மா, உன்னப் பாத்துதான் கைய நீட்டுது," என்றாள் மங்கம்மாள்.

தாயாரம்மாள் கையை மோந்து பார்த்தாள். ஒரு வாசனையும் இல்லை. அந்த டப்பாவையும் அவள் இப்படித்தான் மூன்று தடவை கழுவினாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, குழந்தையைத் தொடாமல், கடைசி பஸ் வரும் வரைக்கும் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள்.